கீமேன் டப்பாவிலிருந்து எடுத்த பத்து வெடி

வயது எழுபத்தெட்டு. ரயில்வேயில், வண்டிக்குத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்டைப் போடுகிற பாயின்ட்ஸ்மேனாக முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சம்பளப் பதிவேட்டில் உள்ள பெயரை அதிகாரி தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டார். வேலையில் யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உயரமானவன் என்பதால் கைகாட்டி என்றே கூப்பிடுவார்கள். தற்சமயம் பழைய ரயில்வே குடியிருப்புக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில், மூத்த மகள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும்.

சம்பவம் எந்த வருஷம் என்று கேட்கப்பட்டதில், எங்கள் பாதையில் நிலக்கரி இன்ஜின் போய் டீசல் இன்ஜின் வந்த வருஷம். அதே வருஷம் ஆற்றில் இரண்டு முறை வெள்ளம் வந்து ஒன்பது நாள் வண்டி ஓடவில்லை, நிலையத்துக் கடிகாரம் நாலு பத்தில் நின்று ஏழு மாதம் அப்படியே கிடந்தது, பார்சல் கிடங்குக்குப் புதுத் தகரம் போட்டார்கள். சம்பவத்தன்று என் மூத்த மகள் பிறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது முடிந்துவிட்டது. மீதியை அதிகாரி கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கீமேன் அண்ணனின் மகள் கொடுத்த மனுவின்பேரில் விசாரிக்கப்படுவதாகச் சொன்னார்கள். கீமேன் என்பவர் தினமும் தண்டவாளத்தை ஒட்டி நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளில் தளர்ந்தவற்றைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர். அந்த அண்ணன் குடிபோதையில் தண்டவாளத்தின் மேல் வெடிகளை வைத்துத் தானே மாட்டிக்கொண்டு செத்தார் என்று அன்றைக்கு எழுதப்பட்டது. அதை அழிக்கவேண்டும் என்று மகள் கேட்கிறார். அவர் கேட்பது நியாயம். அண்ணன் குடித்ததில்லை, டீயைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார். வெடிகளை வைத்தவன் நான்.

அந்த வெடி என்னவென்றால், தோசைத் திருப்பியின் தலை அளவுக்கு வட்டமான தகர வில்லை, இரண்டு பக்கமும் ஈயப்பட்டை இருக்கும், பட்டையை வளைத்துத் தண்டவாளத்தின் தலையில் கட்டவேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும். மூடுபனியில் சிக்னல் தெரியாதபோதும் முன்னால் பாதை பழுதானபோதும் ஓட்டுநரை எச்சரிப்பதற்காக வைத்திருப்பது. சத்தம் கேட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தவேண்டும், அது சட்டம். ஒவ்வொரு கீமேனிடமும் பத்து வெடி போட்ட ஒரு தகர டப்பா இருக்கும்.

எங்கள் ஆட்களில் யாருக்காவது கல்யாணமாகி ஜோடி வண்டியேறினால், பிளாட்பாரம் தாண்டி மூன்று வெடி வைத்து அனுப்புவது எங்களுக்குள் பழக்கம். எந்த உத்தரவிலும் இல்லாத பழக்கம். பாசஞ்சர் ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம், அவர் நிறுத்தாமல் ஒரு விசில் கொடுத்துப் போய்விடுவார்.

எங்கள் நிலையத்தின் சின்ன மாஸ்டருக்கும் பெரிய மாஸ்டரின் மகளுக்கும் அன்று காலை குடியிருப்பு மன்றத்தில் கல்யாணம் நடந்தது. மூன்று நாற்பது பாசஞ்சரில் ஜோடி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. முந்தைய வாரம் விளக்கு அறையில் வைத்து நானும் கீமேன் அண்ணனும் பெரிய மாஸ்டரும் இதைப்பற்றிப் பேசினோம். மூன்று வெடிக்கு மேல் வேண்டாம் என்று பெரிய மாஸ்டர் சொல்லி, நிலையத்துப் பெட்டியிலிருந்து மூன்றை எண்ணி என்னிடம் கொடுத்தார். நான், “மாஸ்டர் வீட்டுக் கல்யாணத்துக்கும் மூணு, லாந்தர் துடைக்கிறவன் கல்யாணத்துக்கும் மூணா? பத்து வருஷம் கழிச்சு யாருக்காவது ஞாபகம் இருக்குமா?” என்று கேட்டேன். அண்ணன், “கல்யாணத்த ஞாபகம் வெச்சுக்க வேண்டியவங்க ரெண்டு பேரு. அவங்க வெச்சுக்குவாங்க, நீ வாய மூடு” என்றார். மாஸ்டர் சிரித்தார். அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை.

சம்பவத்தன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மன்றத்தில் இருந்தார்கள். அண்ணன் தன் கருவிப் பையைப் பார்சல் கிடங்கின் ஆணியில் மாட்டிவிட்டுப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, பத்து வெடியையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வெறும் டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். வண்டி போனபிறகு சொல்லிக்கொள்ளலாம், நாலு திட்டு திட்டுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதன்பிறகு கடைசி பாயின்ட்டைத் தாண்டி, ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து பதினைந்து அடிக்கு ஒன்றாகப் பதின்மூன்று வெடியையும் கட்டினேன்.

நான் கட்டிக்கொண்டிருந்தபோது மணப்பெண் பிளாட்பாரத்தின் கோடியில், பார்சல் தள்ளுவண்டி மேல் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் தொல்லை தாங்காமல் வந்துவிட்டதாகச் சொன்னார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். அவரைச் சின்னப் பிள்ளையிலிருந்து எனக்குத் தெரியும். “கைகாட்டி அண்ணே, எத்தன?” என்று கேட்டார். நான் பதின்மூன்று என்றேன். “அப்பாவுக்குத் தெரியுமா?” என்றார். “அப்பாவுக்கு மூணு தெரியும், பாப்பா” என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, “அவரு பயந்து என் மடியில விழப்போறாரு. நான் சொல்லமாட்டேன்” என்றார்.

சின்ன மாஸ்டர் கல்யாண லீவில் இருந்ததாலும் பெரிய மாஸ்டர் பெண் வீட்டார் என்பதாலும் அன்று வேலையில் இருந்தவர் வேறு நிலையத்திலிருந்து வந்த மாற்று மாஸ்டர். எங்கள் பழக்கம் அவருக்குத் தெரியாது. ஓட்டுநருக்குச் சொன்னோம், கார்டுக்குச் சொன்னோம், டீக்கடைக்காரருக்குக்கூடச் சொன்னோம். வண்டிக்கு உத்தரவு கொடுக்கிற அந்த மனுஷரிடம் சொல்லவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெளியாள்தானே என்று விட்டுவிட்டோம்.

மூன்று மணி வாக்கில் பாசஞ்சர் ஒரு மணி நேரம் தாமதம் என்று தகவல் வந்தது. பக்கத்துத் தடத்தில் காலையிலிருந்து ஜல்லி ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று காத்து நின்றது. மாற்று மாஸ்டர் அதை முதலில் அனுப்ப முடிவு செய்து, என்னை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, “பாயின்ட் போடுப்பா, ஜல்லி வண்டி போகட்டும்” என்றார். ஐயா, பாதையில் வெடி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். யார் வைத்தது, எங்கிருந்து எடுத்தது என்று அடுத்த கேள்வி வரும். கீமேன் டப்பாவைத் தொட்டால் வேலை போகும், வேலை போனால் குடியிருப்பு போகும். சரி என்று சொல்லிவிட்டுப் போய் லீவரை இழுத்தேன்.

அந்தச் சமயத்தில் கீமேன் அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டப்பாவைக் கையில் பிடித்தபடி, பாயின்ட்டுக்கு வந்தார். பந்தியில் சிந்திய குழம்புக் கறை அவர் சட்டையில் இருந்தது.

“டேய், டப்பா காத்துல ஆடுது. எங்கடா?”

“அண்ணே, எல்லாம் பாதையில இருக்கு.”

“எல்லாமா?”

“மூணும் பத்தும்.”

அவர் ஏற்றத்தைப் பார்த்தார், சரக்கு வண்டியைப் பார்த்தார். இன்ஜின் அப்போது விசில் கொடுத்துவிட்டது. “அவனுக்குச் சொல்லலையே. சத்தம் கேட்டா ஏத்தத்துல நிப்பாட்டுவான். ஜல்லி வண்டி ஏத்தத்துல நின்னா ஏறாது, பின்னாடி வழுக்கும்டா. பின்னாடி பிளாட்பாரம் பூரா கல்யாணக் கூட்டம்” என்றார். அதன்பிறகு, “சிவப்பக் காட்டி நிறுத்து. நான் போய் எடுக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அவருக்கு அப்போது வயது நாற்பத்தி நாலு. ஓடி நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என்னிடம் இரண்டு கொடிகள் இருந்தன. இரண்டும் சுருட்டிக் கக்கத்தில் இருந்தன. சிவப்பைக் காட்டினால் வண்டி நிற்கும், நிறுத்திய காரணத்தை மாற்று மாஸ்டர் எழுதியே ஆகவேண்டும். அண்ணன் அதற்குள் மூன்றாவது வெடியைக் கழற்றிவிட்டார். கை வேகமானவர், ஜல்லி வண்டியோ ஆமை, அவர் முடித்துவிடுவார், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். இன்ஜின் என்னருகே வந்தபோது ஓட்டுநர் தலையை நீட்டி, “என்ன கைகாட்டி, சரியா?” என்று கேட்டார். நான் பச்சைக் கொடியை விரித்துக் காட்டினேன்.

இதை இந்த நாற்பத்தொன்பது வருஷத்தில் என் மனைவியிடமும் சொன்னதில்லை.

கீமேன் குனிந்து தண்டவாளத்தில் வேலை செய்வது ஓட்டுநர்கள் தினமும் பார்ப்பது. வழக்கம்போல ஒதுங்கிக்கொள்வார் என்று ஜல்லி வண்டி ஓட்டுநர் விசில் மட்டும் கொடுத்தார். அண்ணன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு அடுத்ததற்குப் போனார். ஒன்பது வெடியைக் கழற்றிச் சட்டைப்பையிலும் மடியிலும் போட்டுக்கொண்டார். பத்தாவதன் பட்டை நிமிரவில்லை. அது நான் சுத்தியலால் தட்டி இறுக்கியது. அதற்குள் இன்ஜின் வந்துவிட, அவர் கையை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். வெடிக்கும்போது நாற்பது கஜம் தள்ளி நிற்கவேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் விதி. அவர் நின்றது ஒரு கஜம். பத்தாவது வெடித்தது. வரிசையாக மற்ற மூன்றும் வெடித்தன. மன்றத்திலிருந்தவர்கள் ஜோடிக்குத்தான் வெடிக்கிறது என்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குக் கேட்டது. அண்ணன் செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் மாதிரி தண்டவாளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது காதுக்குக் கீழே, காலணா அகலத்துக்குத் தகரத் துண்டு ஒன்று பாதி உள்ளே இருந்தது. “வண்டி நின்னுச்சா?” என்று கேட்டார். நின்றுவிட்டது அண்ணே, வழுக்கவில்லை என்றேன். அது உண்மை, ஓட்டுநர் பிரேக்கைப் பிடித்து ஏற்றத்திலேயே நிறுத்தியிருந்தார். அதன்பிறகு அண்ணன் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஜல்லி வண்டியை மெதுவாகப் பழைய தடத்துக்கே பின்னால் இறக்கிய பிறகு, நாலே முக்காலுக்குப் பாசஞ்சர் வந்தது. பெரிய மாஸ்டர் ஜோடியை முதல் பெட்டியில் ஏற்றி, அண்ணன் விழுந்த பக்கத்து ஜன்னல் கதவை இறக்கிவிட்டார். ஏறுவதற்கு முன் மணப்பெண் என்னிடம் வந்து, “அண்ணே, ஒண்ணும் பாக்கலன்னு சொல்லச் சொல்றாரு அப்பா” என்றார். நான் தலையாட்டினேன். அவர் என் கக்கத்தைப் பார்த்தார். கொடிகளைப் பழையபடி சுருட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் பெரிய மாஸ்டர் விளக்கு அறைக்குள் என்னை வரச்சொல்லிக் கதவைச் சாத்தினார். “டப்பா அவனோடது, காலியா இருக்கு. வெடி அவன் சட்டையில இருக்கு. போனவனுக்கு இனி வேலையும் கிடையாது, வீடும் கிடையாது. உனக்கு ரெண்டும் இருக்கு, எனக்கும் இருக்கு. மாப்பிள்ளைக்கு இப்பத்தான் ஆரம்பம்” என்றார். விசாரணைக்கு வந்தவர்கள் எழுதிய தாளில் நான் ரேகை வைத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. குடிபோதை என்ற வார்த்தை அதில் இருந்தது பிற்பாடுதான் தெரியும்.

ஒரு விஷயம் அன்றைக்கே பார்த்திருக்கலாம். வைக்கப்போகிற வெடியின் ஈயப்பட்டை நேராக இருக்கும், கட்டிக் கழற்றியதன் பட்டை வளைந்திருக்கும். அண்ணன் சட்டையிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கிய ஒன்பதும் வளைந்திருந்தன. அவர் வைக்கவில்லை, எடுத்தார் என்று அந்த ஒன்பதும் சொல்லின. மேசையைச் சுற்றி நின்றவர்களில் எனக்கும் பெரிய மாஸ்டருக்கும் அது தெரியும்.

ஒரு மாதத்தில் அண்ணன் மனைவியும் மூன்று பிள்ளைகளும் குடியிருப்பைக் காலி செய்தார்கள். தையல் மெஷினை நான்தான் வண்டியில் தூக்கி வைத்தேன். அண்ணி, “உங்கண்ணன் குடிச்சிருந்தாரா தம்பி? நீ பக்கத்துல இருந்தியே” என்று கேட்டார். தெரியவில்லை அண்ணி என்றேன். மனு கொடுத்திருக்கும் மகள் அப்போது மெஷினின் கீழ்ப்பெட்டியைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தார்.

இதை ஏன் இத்தனை காலம் கழித்துச் சொல்கிறீர் என்று கேட்கப்பட்டதில், கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன், யாரும் கேட்கவில்லை. அது பொய்க் காரணம் என்பதும் எனக்குத் தெரியும், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இந்தத் தாள்களை எனக்கு இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டினார்கள். கூட்டியதும் குறைத்ததும் இல்லை, என் வாயிலிருந்து வந்தபடியே இருக்கிறது, யார் வற்புறுத்தியும் சொல்லவில்லை. ரேகை வைக்கும் முன், நீர் காட்டியது பச்சைக் கொடிதான் என்பதற்கு வேறு சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார். ஜல்லி வண்டி ஓட்டுநர் அடுத்த வருஷமே மஞ்சள் காமாலையில் போனார். மாற்று மாஸ்டர் தன் ஊரில் கிணற்றுப் படியில் வழுக்கி இறந்ததாகக் கேள்வி. பெரிய மாஸ்டர் ஓய்வு பெற்ற ஆறாம் மாதம். சின்ன மாஸ்டர் போன வருஷம், அவர் சாவுக்கு நான் போயிருந்தேன். சம்பவத்தன்று அந்தப் பாயின்ட்டைப் பார்த்தபடி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பிளாட்பாரக் கோடியில் தள்ளுவண்டி மேல் முழு நேரமும் உட்கார்ந்திருந்தவர் ஒருத்தர்தான் உயிரோடு இருக்கிறார். பெரிய மாஸ்டரின் மகள்.