அழகுமுத்துவின் லொறிக்கு ஆறு பிளக்

லொறிக்குப் பிளக் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பானட்டைத் திறந்து, ஆறு வயரையும் இடம் மாறாமல் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைத் திருகினால் முடிந்தது. ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். இதை ஒரு மெக்கானிக் வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் அவன் வீட்டில் அடுப்பெரியாது. கேட்டது பொலிஸ் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைப் படித்தேன். கூலி கொடுத்து மெக்கானிக்கிடம் விடாமல், தொழில் தெரியாத அழகுமுத்து தானே பிளக் மாட்டியதால்தான் றத்தோட்டை ஏற்றத்தில் எஞ்சின் நின்றது, அதனால்தான் அவன் மனைவி மங்களேஸ்வரி இறந்தாள் என்று எழுதியிருக்கிறது. அவனும் அதையே சொல்லிக் குற்றத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறான். வியாழக்கிழமை வழக்கு. "மாத்தளை கராஜ் ராசையா" என்று கீழே நான் ஒரு கையெழுத்துப் போட்டால் அவன் உள்ளே போய்விடுவான். போடுவதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

அவனும் நானும் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். பெரிய கங்காணியோடு ஒரு வார்த்தை கூடிப்போனதில் தோட்டக் கணக்கிலிருந்து என் பேரை வெட்டி வெளியே அனுப்பினார்கள். டவுனுக்கு வந்து, பிறத்தியார் லொறிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து தொழில் படித்தேன். பதினான்கு வருடமாக இந்தக் கராஜ்தான். சன்னல் இல்லாத தகரக் கொட்டகை, மத்தியானத்தில் மூச்சு முட்டும். ஆனாலும் இதை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. தோட்டத்துக்குள் திரும்ப விடமாட்டார்கள். தாத்தன் விட்டு வந்த இந்தியாவில் என் முகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. லொறிக்காரன் வந்து "அண்ணே" என்று கூப்பிட்டால்தான் நான் இந்த ஊரில் ஓர் ஆள்.

அழகுமுத்து எனக்குப் பிறகு டவுனுக்கு வந்தான். பழைய லொறி ஒன்றை வாங்கி, தோட்டங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போவான், தேயிலைப் பெட்டிகளோடு இறங்கி வருவான். கிளீனர் வைத்துக்கொள்ள வசதியில்லை. அதனால் மங்களேஸ்வரியே பின்னால் கட்டையோடு உட்காருவாள். ஏற்றத்தில் லொறி நின்றால் குதித்திறங்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுப்பது கிளீனர் வேலை. கொழுந்துக் கூடை சுமந்த பெண், பயம் கிடையாது.

ஒருநாள் காலை ரயில் நிலையத்து வாசலில் எல்லா லொறிகளும் நிற்கும்போது அவன் பானட்டைத் திறந்து, தானே பிளக்குகளைக் கழற்றி, கரியைச் சுரண்டித் துடைத்து மாட்டினான். கூட்டம் கூடிவிட்டது.

"என்னப்பா முத்து, ராசையாண்ணே கடையப் பூட்டிருவாரு போல இருக்கே" என்றான் பதுர்தீன். அவனும் அந்த ரோட்டில் லொறி ஓட்டுகிறவன்.

"இதுக்குப் போயி அண்ணனத் தொந்தரவு பண்ணுவாங்களா? பல்லு வெளக்குற மாதிரிதானே" என்றான் இவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன், சிரித்தேன். அவன் கெட்டவன் இல்லை, என்னைக் குத்த வேண்டுமென்று சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் இன்னும் மூன்று பேர் ஸ்பானர் வாங்கிவிட்டார்கள். பகல் முழுவதும் கொட்டகைக்குள் தனியாக உட்கார்ந்து, தெருவில் போகிற லொறிகளின் சத்தத்தை வைத்தே எதற்கு என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் ஆளில்லை.

உலகச் சண்டைக் காலம், கொழும்பிலிருந்து புது பிளக் வருவதில்லை. சுரண்டிச் சுரண்டி அவனுடைய பிளக்குகள் தேய்ந்து போயின. பழைய சாமான் என்னிடம்தான் இருக்கும், வந்துதானே ஆக வேண்டும். வந்தான்.

"அண்ணே, ஒரு செட்டு பிளக் இருந்தா குடுங்கண்ணே. நானே மாட்டிக்கிறேன்."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆறு கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன், அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான்கு நல்லவை. இரண்டு, பதுர்தீன் லொறியிலிருந்து நான் கழற்றி வைத்தவை. அவற்றின் பீங்கானில் மயிரிழை அளவு கீறல். சூடேறாதவரை ஒன்றும் தெரியாது, சமதரையில் ஒழுங்காக ஓடும். பாரத்தோடு ஏற்றம் ஏறிச் சூடு பிடித்தால் நெருப்புப் பொறி கீறல் வழியாக ஓடிவிடும், எஞ்சின் இருமி நிற்கும். றத்தோட்டை ஏற்றத்தின் மூன்றாவது வளைவில் நின்றுவிட்டதாகப் பதுர்தீன் சொன்னான். அவனுக்கு பிரேக் நன்றாக இருந்தது. கீறலின் மேல் கிரீஸை விரலால் தேய்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

என் கண் முன்னாலேயே மாட்டிக்கொண்டு போகச் சொன்னேன். மாட்டினான். அப்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். கை பிரேக்கின் கம்பியைப் பிடித்திருந்த ஆணி தேய்ந்து நூலாகியிருந்தது. அவன் கேட்டது பிளக்கை மட்டும்தான்.

மங்களேஸ்வரி பின்னாலிருந்து கட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணே, பலாக்கட்டை வெடிச்சுப் போச்சு. இது முள்முருங்கை. தாங்குமாண்ணே?"

தேயிலைக்கு நிழலுக்காக நடுகிற மரம் அது. நகத்தால் கீறினால் பள்ளம் விழும். நான் உட்கார்ந்திருந்ததே ஒரு நல்ல பலாக்கட்டை மேல்தான்.

"தாங்கும் தங்கச்சி, போயிட்டு வாங்க" என்றேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான்: லொறி நிற்கும், அவன் ஏழு மைல் நடந்து இறங்கி வருவான், ரோட்டில் இருக்கிற எல்லோரும் பார்ப்பார்கள், "நீங்களே வந்து பாருங்கண்ணே" என்று என் வாசலில் நிற்பான். பின்னால் உருளும் என்று நான் நினைக்கவில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அரிசி மூட்டை ஏற்றிய லொறி அந்த வளைவில் நின்றால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்றால், அது என் தொழிலுக்கு இழுக்கு.

மூன்றாவது வளைவில்தான் நின்றது. கால் பிரேக் அந்தப் பாரத்தைப் பிடிக்கவில்லை. அவன் கை பிரேக்கை இழுத்தான், கம்பி கையோடு வந்தது. அவள் குதித்துக் கட்டையைக் கொடுத்தாள். கட்டை பிளந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், அவளுக்கு விலக இடமில்லை. அவள் மேல் ஏறி மலையில் முட்டியதால்தான் லொறி பள்ளத்தில் விழவில்லை.

ஆள் வந்து சொன்னதும் நான்தான் முதலில் போனேன். அவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் இருந்தான். நான் பானட்டைத் திறந்து அந்த இரண்டு பிளக்கையும் எடுத்துவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த நல்லவை இரண்டை மாட்டினேன். அதனால்தான் உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னண்ணே ஆச்சு? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டான்.

"ஒரு பிளக்க நீ சரியா இறுக்கல முத்து" என்றேன். எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

காரியம் முடிந்ததிலிருந்து தினமும் கராஜுக்கு வருகிறான். வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு, சாயங்காலம் வரை என் பக்கத்திலேயே இருக்கிறான். டயருக்குக் காற்றடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறான். மற்றவர்களும் ஸ்பானரை எடுத்து வைத்துவிட்டார்கள். பதுர்தீன் நேற்று லொறியைக் கொண்டுவந்து விட்டு, "நமக்கெதுக்கு அண்ணே வம்பு" என்றான். கொட்டகையில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இனி சிக்கலைச் சொல்கிறேன். அன்றைக்கு அவன் மாட்டியதை நான் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பானரால் ஒரே அளவாக இறுக்கினான். நானே மாட்டியிருந்தாலும் அதைவிட நன்றாக மாட்டியிருக்க முடியாது. தொழில் தெரியாதவன் செய்த வேலை என்று நீங்கள் எழுதியிருப்பது பொய். வேலை விஷயத்தில் நான் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை, இந்த வயதில் தொடங்கவும் முடியாது. அந்த இரண்டு பிளக்கும் மேல் தட்டில் சிகரெட் டின்னுக்குள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். மங்களேஸ்வரியைக் கொன்றது நான்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், ஐயா. அழகுமுத்துவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். என் மேல் அவனுக்குப் பெரிய நம்பிக்கை, அது போய்விடக்கூடாது.