லம்பத்தில் அடித்த பெரட்டு

எல்சி, அந்தக் கதவைச் சாத்து. கணேசமூர்த்தி, நீ கோபித்துக்கொள்ளாதே... உன் தாத்தாவின் அண்ணன் சன்னாசியின் கதைதான்.

விடிகாலை நாலரை. மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். கோலா பிலாவுக்கு மேலே, மலைப்பாதையில், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி தனியாக ஏறிக்கொண்டிருந்தான். கையில் ரப்பர் பந்தம். மண்ணெண்ணெய் ஏது அப்போது? கருகிய நாற்றம் தொண்டையை அடைத்தது.

ஒளியத்தான் போனான். சயாம் ரயில் வேலைக்கு இனி மண்டோர்களும் போக வேண்டும் என்று உத்தரவு. சயாம் போனவர்கள் கொத்துக் கொத்தாகச் சாவது அவனுக்கா தெரியாது? தோட்டத்து ஆட்களை ஏற்றிவிட்டவனே அவன்தானே, பாவி! தொங்குகிற தண்டவாளத் துண்டில், ஆட்களைக் கூட்டும் பெரட்டு அடித்து, "அரிசி குடுக்கிறாங்க, ஆம்பளைங்க சாக்கோட வாங்கலா!" என்று கூப்பிட்டான். மரவள்ளிக்கிழங்கே தின்று காய்ந்த வயிறு... ஓடி வந்தார்கள். காய்ச்சலில் கிடந்த மாயாண்டியை எழுப்பி, கையில் சாக்கைக் கொடுத்து அனுப்பியது அவன் பெண்டாட்டி பஞ்சாலைதான். வந்தவர்களையெல்லாம் லாரி அள்ளிக்கொண்டு போனது.

மாயாண்டி செத்த சேதி மட்டும் திரும்பி வந்தது. பஞ்சாலை சன்னாசி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "அரிசின்னு கூப்பிட்டியேடா! எம் புருசனுக்கு வாய்க்கரிசி போடக்கூட வழியில்லாம பண்ணிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

மறுநாள் மலைமேல் லம்பத்துக் குட்டையில், அதுதான் அந்த ஈயச் சுரங்கத்துக் குட்டையில், மிதந்தாள். லம்பத்துச் சீனர்கள் சண்டை வந்ததுமே ஊரைக் காலி செய்துவிட்டார்கள். பஞ்சாலை செத்த பிறகு அந்தப் பக்கம் ஒருத்தரும் போவதில்லை. அதுதான் நல்லது என்று சன்னாசி நினைத்தான்.

காலிக் கொட்டகை ஒன்றில் புகுந்து பந்தத்தை அணைத்தான். சேற்று வாடை. ஒரு தவளைகூடக் கத்தவில்லை...

டங்.

வாசலில், லம்பத்து ஆட்களைக் கூப்பிட அடிக்கும் இரும்பு. டங்... டங்... அவன் தோட்டத்தில் அடிக்கும் அதே பெரட்டு. கீழே ரோட்டில் ரோந்து லாரி நின்றது. பிறகு அதன் உறுமல் மலையேறியது.

"யாருலா அது? நிறுத்து!" பாய்ந்து இரும்பைக் கட்டிப் பிடித்தான். சில்லென்று ஈரம். சத்தம் நிற்கவில்லை. காதோரம் மெதுவாக ஒரு பெண்குரல்...

"சாக்கு கொண்டாந்திருக்கேன், மண்டோரே."

என்ன மைக்கல்ராஜ், காலை மேலே தூக்கிக்கொண்டாய்? கேள்.

ஜப்பான்காரன் டார்ச் அடித்துப் பார்த்தபோது, சன்னாசிதான் அடித்துக்கொண்டிருந்தான். சுத்தியல் அவன் கையில். விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கண்ணீர் கொட்டுகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. லாரியில் தூக்கிப் போட்டார்கள். அதே லாரியில் பிடிபட்டுக் கிடந்த ராமசாமி, சயாமிலிருந்து எப்படியோ உயிரோடு வந்து சொன்னது இது.

பேரைக் கேட்டுச் சிப்பாய் ஓர் அறை விட்டான். வாய் திறந்தது.

கொட்டியது பச்சரிசி. ஈரப் பச்சரிசி... தோட்டத்தில் ஒரு பிடி அரிசியைக் கண்ணால் பார்க்காத வருஷம் அது.

சன்னாசி துப்பினான். மறுபடியும் வாய் நிறைந்தது. துப்பினான், நிறைந்தது... சயாம் போய்ச் சேரும்வரை.