கேள்வி கேட்ட மலர்விழி

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, துயரில் தளர்ந்து அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் அண்ணன் செல்வகுமார் அவர்களே, திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் இந்த நினைவேந்தலுக்குத் திரண்டு வந்திருக்கும் நண்பர்களே! வணக்கம்.

மேடையேறும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்கள். "சேரன், அந்த ஆப்பரேஷன் விஷயத்தை மட்டும் பேசாதீங்க." மன்னிக்க வேண்டும். அதைப் பேசாமல் எங்கள் குறியீட்டுத் துறைத் தலைவர் மலர்விழி அம்மையாரைப் பற்றி எதைப் பேசுவது?

எங்கள் வேலை பலருக்குத் தெரியாது. மருத்துவர் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் உலகம் முழுவதும் ஒரே குறியீடு உண்டு. அதைப் பதிவதுதான் எங்கள் வேலை. தோலில் சிவந்து வீங்கும் தொற்றுக்கு ஒன்று. சீழ்க்கட்டிக்கு வேறொன்று. அறுவை செய்த காயத்திலேயே வந்த தொற்றுக்கு முற்றிலும் வேறொன்று. முதலாவது, நோயாளிக்கு வந்த நோய் என்று சொல்லும். கடைசியது, மருத்துவமனையே, உன் வீட்டைப் பார் என்று சொல்லும்!

ஒலக்கூர் பக்கத்திலிருந்து தாண்டவராயன் என்ற விவசாயி எங்கள் திண்டிவனம் மருத்துவமனைக்குக் குடலிறக்க அறுவைக்கு வந்தார். வீடு திரும்பியவர் வயிறு சிவந்து, காய்ச்சலோடு மறுபடியும் வந்தார். கோப்பில் 'தோல் தொற்று' என்று மட்டும் எழுதியிருந்தது. காப்பீட்டுக் கையெழுத்துக்காக எங்கள் அறைக்கு வந்த அவர் மனைவி குப்பம்மாள் அழுதபடியே சொன்னார்:

"தையல் போட்ட எடத்துலதாம்மா செவந்துகினு கொதிக்குது. தானா வந்துச்சுன்றாங்க. எப்படிம்மா தானா வரும்?"

அந்த அம்மாள் சொன்னதை வைத்து நாங்கள் குறியீடு போட முடியாது. மருத்துவர் எழுத வேண்டும். அம்மையார் கேள்வி எழுதி, அறுவை மருத்துவர் இருதய அருண் அவர்களுக்கு அனுப்பினார்: 'இந்தத் தொற்று அறுவைக் காயத்தில் தோன்றியதா?'

மருத்துவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"மேடம், அப்படி எழுதினா ஆப்பரேஷன் தியேட்டரை மூடணும்."

"எழுதலைன்னா, நாளைக்கு அதே தியேட்டருக்குள்ள போறவங்களுக்கு யாரு சார் பதில் சொல்றது?"

அதற்குள் நிர்வாகத்திலிருந்து ஒருவர் கதவருகே வந்து நின்றார். "தோல் தொற்றுன்னே போட்டு ஜல்தியா அனுப்புங்க. சும்மா பேஜார் பண்ணிக்கினு இருக்காதீங்க."

அம்மையார் குரலை உயர்த்தினாரா? இல்லை. நிர்வாகத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மருத்துவரையே பார்த்துச் சொன்னார்: "நீங்க கண்ணால பார்த்தது எதுவோ, அதை எழுதுங்க சார். அது போதும்."

மருத்துவர் எழுதினார்! மேடையில் இருக்கும் அவர் முன்னிலையிலேயே சொல்கிறேன், 'அறுவைக் காயத்தில் வந்த தொற்று' என்று தன் கையாலேயே எழுதினார். கையெழுத்தும் போட்டார்!

அறுவை அரங்கு மூடப்பட்டது. கருவிகளைக் கொதிநீராவியில் தூய்மைப்படுத்தும் இயந்திரத்தின் கதவு சரியாக மூடாமல் இருந்தது தெரியவந்தது. தாண்டவராயனுக்கு அதற்குள் சதை அழுகத் தொடங்கியிருந்தது. மறுபடியும் அறுத்தார்கள். பிழைத்தார். மறுநாள் அந்த அரங்கில் பிரசவ அறுவைக்குக் காத்திருந்த பெண்கள் வேறு இடத்தில் நலமாகப் பெற்றெடுத்தார்கள். அவர்களுக்கு மலர்விழி என்ற பெயரே தெரியாது!

அம்மையாருக்குக் கிடைத்தது என்ன? பாராட்டா? விழுப்புரம் கிளைக்கு மாற்றல்! துறைத் தலைவர் வரவேற்பு மேசைக்குப் போனார். "ஏங்க, எதிர்த்துக் கேக்கலாமே?" என்றேன். "எனக்காகக் கேக்க ஆரம்பிச்சா, நோயாளிக்காகக் கேட்டதையும் சுயநலம்னுவாங்க சேரன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அடங்கவில்லை. அந்த மேசையிலேயே மூளையில் இரத்தம் கசிந்து சாய்ந்தார்; பிழைக்கவில்லை.

தோழர்களே! இன்று காலை இன்னொரு கோப்பு என்னிடம் வந்தது. கோட்டக்குப்பத்துப் பெண். அறுவை முடிந்து போனவர், வீங்கிய காயத்தோடு திரும்பியிருக்கிறார். கோப்பில் மறுபடியும் 'தோல் தொற்று' என்ற இரண்டே சொற்கள். கேள்வியை எழுதி அனுப்பிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். அதன் கீழே என் பெயர் இருக்கிறது. எங்கள் துறையினர் அத்தனை பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நிர்வாகத்தாரே, எத்தனை பேரை மாற்றுவீர்கள்?

பதில் வரும்வரை அந்தக் கோப்பை மூட மாட்டோம்.

மலர்விழி அம்மையாரே, போய் வாருங்கள். கேள்வி கேட்க நாங்கள் இருக்கிறோம்!