பாதித் தலை

— தலையை ஆட்டாத தங்கம். வகிடு கோணினா கோணினதுதான். அப்புறம் ஆறு வாரம் கேஸ்கேட் ரோடு முழுக்க என் பேரைச் சொல்லிச் சிரிக்கும்.

— நான் எங்க ஆட்டறேன் மிஸ் வெர்டெல், கோவத்துல தானா ஆடுது. நேத்து அந்தத் தொடரைப் பார்த்தீங்களா?

— பார்க்காம? நம்ம கறுப்புப் பொண்ணு ஒருத்தி புருஷனோட சண்டை போட்டுட்டு அழுதுக்கிட்டே தூங்கறா. தலைல தொப்பி இல்ல, துணி இல்ல. காலைல எழுந்தா ஒரு இழை கலையல! ஆண்டவர் சாட்சி, நான் டிவிகிட்டயே கேட்டேன். ‘ஏம்மா, தூங்கறப்போ போடற சாட்டின் தொப்பி எங்கம்மா? தலையணை உன் முடியைத் தின்னுடாதா?’ன்னு.

— அங்கயாவது நம்ம ஆளு கதாநாயகி. மத்ததுல எல்லாம் நாம தோழி. கதாநாயகி அழுதா ஓடி வரணும், கட்டிப் பிடிக்கணும், ‘விட்டுத் தள்ளுடி அவனை’ன்னு சொல்லணும். அந்தத் தோழிக்கு வீடு எங்க இருக்கு? வாடகை யாரு குடுக்கறா? அவ அழுதா யாரு வருவா? நாலு வருஷமா வாரா வாரம் என் பாட்காஸ்ட்ல இதைத்தான் கத்தறேன்.

— கத்து, கத்து. நீ கத்தறதைக் கேட்டுட்டு வர்ற பொண்ணுங்க இதே நாற்காலில உக்காந்து, ‘கார்லிஸ் அப்படிச் சொன்னா, கார்லிஸ் இப்படிச் சொன்னா’ன்னு எனக்கே திருப்பிச் சொல்றாங்க. அதுல பாதி நான் உனக்குச் சொன்னது!

— அதான் ஒவ்வொரு தடவையும் ‘என் தலை பின்னற அக்கா சொன்னாங்க’ன்னு சொல்றேனே. பேரைச் சொல்லத்தான் நீங்க விட மாட்டேங்கறீங்க. போட்டோவும் கூடாது. அந்த எண்ணெயையே எடுத்துக்கோங்க. நெத்தியோர முடிக்கு அப்படி ஒரு எண்ணெய் அட்லாண்டால வேற யாருகிட்டயும் இல்ல. புட்டில உங்க முகத்தைப் போட்டுப் பாருங்க, கடை கடையா போகும். நீங்க என்னடான்னா வெறும் பச்சைச் சீட்டை ஒட்டி விக்கறீங்க.

— எண்ணெய் நல்லா இருந்தா போதும். என் மூஞ்சி எதுக்கு அதுல?

— நம்ம மூஞ்சி எதுக்குன்னு நாமளே கேட்டா அவங்க எதுக்குப் போடப் போறாங்க? போன வருஷம் ஒரு ஷாம்பு கம்பெனிக்காரன் எனக்கு விளம்பரம் தர்றேன்னு வந்தானே, ஞாபகம் இருக்கா? ‘எல்லாருக்கும் பொதுவா பேசுங்க’ன்னான். பொதுவான்னா என்னன்னு கேட்டேன். ‘அதான், பொதுவா’ன்னான். அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்.

— நல்லா செஞ்சே. இந்தா, இந்தச் சவுரியைப் பிடி. நாலு நாலு இழையா பிரிச்சுக் குடு. ஒரு தடவைக்கு இவ்வளவா? நான் என்ன குதிரைக்கா பின்னறேன்?

— பேச்சை மாத்தாதீங்க. நம்ம சர்ச் டீக்கன் ஆம்ப்ரோஸையும் இப்படித்தான் படுத்தறீங்க. மனுஷன் ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம பொரிச்ச கெளுத்தி மீன் கொண்டு வர்றார். ரெண்டு தடவை கல்யாணத்துக்குக் கேட்டுட்டார்.

— மூணு தடவை.

— மூணா! என்ன சொன்னீங்க?

— மீன்ல உப்பு கம்மின்னு சொன்னேன்.

— மிஸ் வெர்டெல்! அப்படி ஒரு ஆளு எனக்குக் கிடைச்சிருந்தா சர்ச் வாசல்லயே தூக்கிட்டுப் போயிருப்பேன். என்கிட்ட மாட்டினது டெவன். புதன்கிழமை டிவிக்காரங்களைப் பார்க்கப் போறேன்னு சொல்றேன், ‘பெரிய ஆளாயிட்டா என்னை ஞாபகம் இருக்குமா’ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறான். நல்லா வரணும்னு ஒரு வார்த்தை வாயில வரல.

— விட்டுத் தள்ளுடி அவனை.

— பார்த்தீங்களா, இப்ப நீங்களே தோழி வேஷம் கட்டறீங்க!

— நான் ஒண்ணும் தோழி இல்ல. எனக்கு வீடு இருக்கு, வாடகை இருக்கு. குனி. இன்னும் கொஞ்சம். பயமா இருக்கா புதன்கிழமையை நினைச்சா?

— பயம்தான். சாதாரண ஆளா அவங்க? பெர்னடின் ப்ரூயிட். அந்த டிவி ஆபீஸ்ல எல்லாருக்கும் காபி வாங்கிட்டு வர்ற வேலைல சேந்தவங்க, இருபது வருஷத்துல நிகழ்ச்சிப் பிரிவுக்கே தலைவி. நம்ம பொண்ணுங்க உக்காந்து நம்ம படம், நம்ம தொழில், நம்ம ஆம்பளைங்களைப் பத்திப் பேசற ஒரு நிகழ்ச்சி, அதுவும் டிவில, என் மூஞ்சியோட. வேற யாரு என்னைக் கூப்பிடப் போறாங்க?

— அவங்க படத்தை இந்தக் கண்ணாடில எதுக்கு ஒட்டி வெச்சிருக்கேன், சொல்லு? அவங்க எடுத்த தொடர்லதான் முதல் தடவையா ஒருத்தி படுக்கப் போறப்போ தொப்பியை எடுத்துத் தலைல மாட்டினா. நான் வீட்ல தனியா எழுந்து நின்னு கை தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி செவுத்தை இடிச்சா, அவளையும் கூப்பிட்டுக் கை தட்ட வெச்சேன்.

— அந்த முடியைப் பாருங்க. இந்தப் படத்துல ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதையே பார்க்கறீங்க.

— நெத்தில இருந்து எப்படி எழும்புது பாரு! சொந்த முடி. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். விக்குன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்து போனாலே சொல்லிடுவேன்.

— எனக்கும் அந்தக் கண்ணு உண்டு. எழுதி வெச்சுக்கோங்க, இதுவரைக்கும் என்னை எந்த விக்கும் ஏமாத்தினதில்ல.

— அப்படியா தங்கம்? சரி, சரி. போன் அடிக்குது பாரு, ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ, கார்லிஸ் பெட்டிஸா? நான் ஷெல்பி, ப்ரூயிட் மேடம் ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க புதன்கிழமை மீட்டிங்கை இன்னிக்கே, உங்க ஊர் நேரம் பன்னெண்டு மணிக்கு மாத்தியிருக்கோம். மேடம் நாளைக்கு லண்டன் போறாங்க. வீடியோல கூப்பிடுவாங்க.

— இன்னிக்கா? இப்பவே மணி பதினொண்ணே முக்கால்!

— முடியலன்னா பரவாயில்ல. லிஸ்ட்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க.

— இல்ல, இல்ல. வந்துடறேன்.

— நல்லது. நாங்க அனுப்பின குறிப்பு ஞாபகம் இருக்கில்ல? முடி மழமழன்னு அடக்கமா இருக்கணும். தொப்பி, தலைத்துணி எதுவும் வேண்டாம். உங்க குரலைத்தான் எல்லாரும் கேட்டிருக்காங்க, முகத்தை யாரும் பார்த்ததில்ல. அதுக்காகச் சொல்றேன். வெச்சுடறேன்.

— மிஸ் வெர்டெல், அந்தக் கைக்கண்ணாடியைக் குடுங்க. ஐயோ. இந்தப் பக்கம் வரிவரியா பின்னல், அந்தப் பக்கம் புதர்.

— எட்டு மணிக்கு ஆரம்பிச்சது. மீதியைப் பின்ன இன்னும் மூணு மணி நேரம் வேணும். பின்னினதைப் பிரிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

— போச்சு. எல்லாம் போச்சு. நாலு வருஷம் காத்துட்டு இருந்து, பாதித் தலையோட மாட்டினேன் பாருங்க. எங்கயாவது ஒரு விக் கிடைக்குமா?

— முடிச் சாமான் கடைக்குப் போக இருபது நிமிஷம், வர இருபது. கதவு பூட்டியிருக்கா பாரு.

— திங்கட்கிழமை கடை லீவாச்சே, பூட்டித்தான் இருக்கு. எனக்காகத்தானே வந்தீங்க. எதுக்குக் கேக்கறீங்க?

— ஜன்னல் திரையையும் இழுத்து விடு.

— விட்டாச்சு. என்ன பண்றீங்க? உங்க தலைல இருக்கற பின்னை எதுக்குக் கழட்டறீங்க? மிஸ் வெர்டெல், வேணாம்... மிஸ் வெர்டெல்!

— இந்தா. அசல் மனுஷ முடி. பின்னின பக்கத்தை அமுக்கிக்கோ, புதரை இறுக்கிக் கட்டிக்கோ, மேல இதை மாட்டு. என்ன அப்படி நிக்கறே?

— பதினோரு வருஷமா உங்க நாற்காலில உக்காந்திருக்கேன்.

— உக்காந்தவளுக்கு என்ன தெரியும்? நான் எப்பவும் உன் தலைக்குப் பின்னாடிதானே நிக்கறேன். ஓரக் கண்ணால பார்க்காத, நேரா பாரு.

— இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும்...

— ஒண்ணும் கிடையாது. பின்னாடி கொஞ்சம் இருக்கு, அதுவும் பேருக்கு. சின்ன வயசுல எங்க தெருல ஒருத்தி பின்னுவா. புருவம் மேல ஏறிடும், அப்படி இழுப்பா. மூணு நாள் வலி மாத்திரை போட்டுட்டுத்தான் தூங்குவேன். ஆனா நான்தான் அவகிட்ட ‘இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு’ம்பேன். இறுக்கினாத்தானே பளிச்சுன்னு இருக்கும்! இருபத்தாறு வயசுல நெத்தியோரம் மொத்தமும் போச்சு. திரும்பி வரல.

— அந்த எண்ணெய்?

— இருக்கற முடியைக் காப்பாத்தும். போனதை அதால கொண்டு வர முடியாது. அதனாலதான் புட்டில என் மூஞ்சி கிடையாது. எந்தத் தலையோட போடறது?

— அதனாலதான் நீங்க யாரு தலையையும் இழுக்கறதே இல்ல.

— ‘உன் பின்னல் நாலு வாரத்துல தளருது’ன்னு எத்தனை பேர் எதிர்க் கடைக்குப் போனாங்க தெரியுமா? போகட்டும்னு விட்டேன். இந்தக் கையால ஒருத்திக்கும் அது நடக்கக் கூடாது.

— டீக்கனுக்குத் தெரியுமா?

— தெரிஞ்சா மீன் வருமா?

— வரும். எழுதி வெச்சுக்கோங்க, கண்டிப்பா வரும். இந்தத் தெருல அத்தனை பொண்ணுங்க நெத்தியும் உங்களாலதான் நல்லா இருக்கு. நான் யார் யாரையோ பெரிய ஆளுன்னு நிகழ்ச்சில வானத்துக்குத் தூக்கினேன். எனக்குப் பின்னாடியே ஒருத்தங்க நின்னுட்டு இருந்திருக்காங்க.

— அழாத. மை வழிஞ்சா அதைத் துடைக்க நேரம் இல்ல. மாட்டு சொல்றேன். அப்படித்தான். கொஞ்சம் முன்னாடி தள்ளு. ஆண்டவர் சாட்சி, அப்படியே ப்ரூயிட் மேடம் மாதிரி இருக்கே!

— அதான் எனக்குப் பிடிக்கல.

— என்ன பிடிக்கல?

— நாலு வருஷமா ‘நம்ம தலையை உள்ளபடி காட்டுங்க’ன்னு ஊரைக் கேட்டவ நான். முதல் தடவை என் மூஞ்சியைக் காட்டறப்போ உங்க தலையை மாட்டிட்டு நிக்கவா? அதுவும் நீங்க இப்படி நிக்கறப்போ?

— பைத்தியமே, முதல்ல உள்ள போ. உள்ள போனப்புறம் எதை வேணா மாத்து. அந்த அம்மாவும் அப்படித்தானே ஏறி வந்திருப்பாங்க.

— கூப்பிடறாங்க.

— விக்கைக் கழட்டாத! கார்லிஸ்! உன்னைக் கொன்னுடுவேன். சரி, குடு அதை இங்க, நானாவது போட்டுக்கறேன்.

— நேரம் இல்ல, என் மடில இருக்கட்டும். நீங்க அந்த அலமாரிப் பக்கம் நில்லுங்க, போன்ல தெரிய மாட்டீங்க. வணக்கம் மேடம். நான் கார்லிஸ்.

— வணக்கம், பெர்னடின் ப்ரூயிட். நாலு வருஷமா கார்ல உங்க குரலைக் கேட்டுட்டுத்தான் ஆபீஸ் வர்றேன். முகத்தை இப்பத்தான்... ம். என்ன இது, பாதித் தலையா?

— ஆமா மேடம். நான் புதன்கிழமைக்குத் தயாரானேன், நீங்க திங்கட்கிழமை கூப்பிட்டீங்க. முடி மழமழன்னு இருக்கணும்னு உங்க ஆபீஸ் குறிப்புல போட்டிருந்தது. மறைக்க ஒரு வழி கிடைச்சது, வேண்டாம்னுட்டேன். ஏன்னா நான் எடுக்க ஆசைப்படற நிகழ்ச்சியே இதுதான். தலையை ஒருத்தங்க கையில குடுத்துட்டு உக்கார்றப்போதான் நாங்க நிஜத்தைப் பேசறோம். எந்தப் படம் பொய், எவன் லாயக்கில்ல, எந்தத் தொழில் உருப்படும், எல்லாம் இந்த நாற்காலிலதான்.

— ஷெல்பி, அந்தக் குறிப்பை எழுதினது யாரு?

— பழைய குறிப்பு மேடம். வர்ற எல்லாருக்கும் அனுப்பறது.

— தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் அதே குறிப்புதான் வந்தது. நான் சொன்ன பேச்சைக் கேட்டேன். கார்லிஸ், அந்தப் பக்கம் திரும்புங்க, பின்னலைப் பார்க்கறேன். அடடா, வகிடு நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. இருந்தாலும் பாவம் நீங்க. இது முடிஞ்சதும் மூணு நாள் மாத்திரை போட்டாத்தான் தூக்கம் வரும்.

— என் நாற்காலில உக்காந்த ஒருத்தியும் மாத்திரை போட்டதில்ல மேடம்! முப்பது வருஷத்துல ஒருத்தி கூட இல்ல! வேணும்னா இந்தப் பொண்ணு நெத்தியைக் கிட்ட வந்து பாருங்க, ஒரு சிவப்பு இருக்கா, ஒரு கொப்புளம் இருக்கா... ஐயோ.

— மிஸ் வெர்டெல், போன்ல தெரியறீங்க...

— ஆண்டவரே. மன்னிச்சுக்கோங்க மேடம். வாய் முந்திடுச்சு. நான் அந்தப் பக்கம் போயிடறேன்.

— போகாதீங்க. அங்கேயே நில்லுங்க. கார்லிஸ், அந்த ‘தலை பின்னற அக்கா’ இவங்கதானா?

— இவங்கதான் மேடம். மிஸ் வெர்டெல், இப்பவாவது பேரைச் சொல்லலாமா?

— தலையே தெரிஞ்சு போச்சு, இனி பேர்ல என்ன இருக்கு. சொல்லு.

— இவங்க பேரு வெர்டெல் மேடம். இந்த ஊர்லயே இவங்க கை மாதிரி வேற கை கிடையாது.

— மிஸ் வெர்டெல், எத்தனை வயசுல போச்சு?

— இருபத்தாறுல மேடம்.

— எனக்கு முப்பத்தொண்ணுல. ஷெல்பி, நீ கொஞ்சம் வெளில இரும்மா, கதவைச் சாத்திட்டுப் போ. நீங்க ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பொறுங்க, நானும் கழட்டி வெச்சுட்டு உக்கார்றேன்.