கப்பலுக்கு ஆகாத பிள்ளை

“தீனம், காய்ச்சல் உள்ளவங்களக் கப்பல்ல ஏத்தவே மாட்டாங்களா, அத்தே?” என்று குளோரி ஒரு நாள் என்னிடம் கேட்டாள். நான் அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கேட்கிற கேள்விதானே, போதகர் ஐயா. “ஏத்த மாட்டாங்க மக்கா” என்று சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்தேன். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

நான் இந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். உங்களுக்கு நேரம் இருக்கும் என்று தெரிந்துதான் வந்தேன். வருகிற ஞாயிறு இராப்போஜனம். மனதில் ஒன்றை மறைத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது என்று போன வாரம் பிரசங்கித்தீர்கள். நல்ல பிரசங்கம். ஓய்வுநாள் பள்ளியில் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதற்குக் கீழ்ப்படியாமல் இருந்தால் சரியில்லை.

நீங்கள் இந்தச் சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. குளோரியை நீங்கள் பார்த்ததில்லை. அவள் என் தம்பி சத்தியநேசனின் மூத்த பிள்ளை. அவளைப் பெற்ற ராகேல், பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே போய்விட்டாள். அன்றிலிருந்து நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு இடம் வந்தது. பிள்ளையை யார் பார்ப்பது என்று நானே வேண்டாமென்றேன். என்னை விட்டால் அவளுக்கு யார் இருந்தார்கள்.

ஏழு வயதில் அவளுக்குச் சித்தி வந்தாள். எலிசாவை உங்களுக்குத் தெரியும். கொட்டாரம் ஊர்ப் பெண். அவளைப் பற்றி நான் குறையாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், அன்றைக்கும் சொன்னதில்லை. வந்த முதல் நாளே, “மைனி, எனக்கு இங்க ஒண்ணும் தெரியாது, நீங்க சொல்லுங்க, நான் செய்யுதேன்” என்றாள். அப்படியே செய்தாள்.

அவளுடைய அண்ணன் ஜான்ரோஸ் கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தார். தொள்ளாயிரத்து முப்பதாம் வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். என் தம்பி பள்ளிக்கூட வாத்தியார். வேலைக்கில்லாமல், சும்மா காற்று வாங்கக் கப்பல் ஏறுகிறவர்கள் எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் இல்லை. தம்பி, எலிசா, குளோரி மூன்று பேரும் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கோழியை யார் பார்ப்பது என்று சொல்லிவிட்டேன். தூத்துக்குடிக்கு அவர்கள் பஸ் ஏறியபோது குளோரி என் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

திரும்பி வந்தபோது சீக்கோடு வந்தாள். வருகிற வழியில் கடல் கொந்தளித்ததாம். கப்பல் முழுக்க வாந்தி. கரை ஏறிய பிறகும் அவளுக்கு நிற்கவில்லை, வயிற்றாலும் போனது, காய்ச்சலும் அடித்தது. கண் குழிந்து, எலும்பாகத்தான் என் கைக்கு வந்தாள். ஆனாலும் வாய் ஓயவில்லை. “அத்தே, நான் அம்மா மடியிலேயே வாந்தி எடுத்தேன். புதுப் பட்டுச் சேலை. அம்மா சிரிச்சா. உப்புத்தண்ணியில அலசிக் கட்டிக்கிட்டா” என்றாள்.

போகும்போது சித்தி என்று சொன்ன பிள்ளை ஐயா. அம்மா என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தச் சேலையைக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். உப்புப் பூத்து அங்கங்கே வெள்ளை வெள்ளையாக இருந்தது. நான் அதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசினேன். போகவில்லை.

இரவும் பகலும் நான் பக்கத்திலேயே இருந்தேன். பொரியரிசிக் கஞ்சி வைத்துத் துணியில் வடித்துக் கொடுத்தேன். எலிசாவை, “நீயும் அலுத்து வந்திருக்க, படு” என்று அனுப்பிவிட்டேன். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் அம்மாளிடம் வண்டியில் தூக்கிக்கொண்டு போனோம். மாசி பிறப்பதற்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள், பிறகு நடந்தாள். “உங்க கையாலதான் பிழைச்சா” என்று டாக்டர் அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்கள். அது உண்மை. அந்தப் பிள்ளையை ஒரு தரம் நான் பிழைக்க வைத்திருக்கிறேன். அதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம்தான் தம்பி சொன்னான். ஜான்ரோஸ் கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். பள்ளிக்கூடச் சம்பளத்தை விட நல்ல சம்பளம். சித்திரையில் குடும்பத்தோடு போய்விடுவதாக இருந்தான். “நீயும் வா அக்கா” என்றான். எல்லோரும் எப்போதும் என்னையும் கூப்பிடுவார்கள், ஐயா. கூப்பிடுவது வேறு, வேண்டியிருப்பது வேறு.

அந்த நாட்களில்தான் குளோரி கப்பலைப் பற்றிக் கேட்டாள். தூத்துக்குடித் துறையில் ஏறுவதற்கு முன் ஒரு டாக்டர் எல்லோருடைய நாக்கையும் கண்ணையும் பார்த்திருக்கிறார். காய்ச்சலோடு வந்த ஒரு பையனை வீட்டாரோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அவன் அழுதது அவளுக்கு மறக்கவில்லை. அதனால் கேட்டாள்.

மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா. விளக்கெண்ணெயை லேசாகச் சூடு காட்டி, மூக்கைப் பிடித்து ஒரு கரண்டி, மேலே ஒரு துண்டு கருப்பட்டி. அன்று பள்ளிக்கூடம் கிடையாது, மத்தியானம் ரசமும் சோறும். என் அம்மா எங்களுக்குக் கொடுத்தாள், நான் குளோரிக்குக் கொடுத்தேன். சீக்கு வந்து கிடந்த பிள்ளை, மிச்சம் மீதி இருந்தால் போகட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் முதல் தரம் நினைத்தேன். கப்பலுக்கு நாள் குறித்த வாரம் அது.

மறுபடியும் வயிற்றால் போயிற்று. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார்கள். குளோரி என் மடியில் படுத்துக்கொண்டாள். அன்று இரவு நான் ஜெபம் செய்தபோது நன்றாக அழுகை வந்தது. நெடுநாளாக வராத அழுகை.

பிறகு ஒவ்வொரு தரமும் அவள் தேறி, முகத்தில் களை வந்து, எலிசா பெட்டியைத் துடைத்து வெயிலில் வைக்கும்போது நான் கொடுத்தேன். ஒளித்துக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. எண்ணெய்க் குப்பி அடுக்களைப் பலகையில் எல்லோரும் பார்க்கத்தான் இருந்தது. எண்ணெய் வாசம் எல்லார் வீட்டிலும் வருகிற வாசம். “சித்திகிட்ட சொல்லாண்டாம் மக்கா, கசக்கும்னு அவ தடுப்பா” என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவள் சொல்லவில்லை. வாக்குத் தவறாத பிள்ளை. நான் வளர்த்த பிள்ளை.

“வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?” என்று டாக்டர் அம்மாள் கேட்டார்கள். “கஞ்சியும் ஜெபமும்தான் அம்மா” என்றேன்.

பக்கத்து வீட்டு நேசம்மாள் தினமும் வந்து பார்ப்பாள். “கடத்தண்ணி உள்ள போனா லேசுல எறங்காது, கேட்டியா” என்பாள். எலிசா காதில் விழும்படியே, “கொழும்பு பாக்கணும்னு ஆசப்பட்டவ குத்துக்கல்லு மாதிரி நிக்கா. பச்சப்பிள்ள கெடந்து வாடுது” என்பாள். கப்பல் ஏறின எலிசாவுக்குக் கப்பக்காரி என்று பெயர் வைத்ததும் அவள்தான். கிணற்றடியில் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் ஒரு நாளும் சிரித்ததில்லை. “அப்படிச் சொல்லாதே ஏட்டி, பாவம்” என்றுதான் சொன்னேன். நேசம்மாளைக் கேட்டால் அவளே சொல்வாள்.

ஒரு நாள் சாயங்காலம் நான் கரண்டியோடு போனபோது குளோரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “அத்தே, நான் கப்பலுக்கு வரல்லன்னு அப்பாகிட்ட சொல்லட்டா? அப்பம்னா எண்ணெய் குடிக்க வேண்டாமா?”

காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். உடம்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

அன்று நான் கொடுக்கவில்லை. எண்ணெயைக் குப்பியிலேயே திரும்ப ஊற்றினேன். அடுத்த சில நாளும் கொடுக்கவில்லை. இதைப் பரலோகத்தில் எழுதியிருப்பார்கள் என்று நம்புகிறேன். அவள் தேறினாள். ஒரு காலை எழுந்து உட்கார்ந்து, தலை பின்னிக்கொண்டிருந்த எலிசாவிடம், “அம்மா, கப்பலு எப்பம்?” என்று கேட்டாள். பிள்ளைகள் அப்படித்தான், ஐயா. சொன்னதை மறந்துவிடுவார்கள். கோபித்து என்ன பயன். நான் கோபப்படவில்லை.

அதற்குப் பிறகு கொடுத்தபோது உடம்பு தாங்கவில்லை. வயிறு ஒட்டி, நாக்கு வறண்டு, இரண்டாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டாள். ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. கடைசியாக எலிசாவை நோக்கி வாயைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்து மூடிக்கொண்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று எலிசா இன்றைக்கும் கேட்டு அழுவாள். தண்ணீர் கேட்டிருப்பாள் என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது யாரும் எலிசாவோடு சேர்ந்து நடக்கவில்லை. அவள் வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மைனி, நான் கொண்டுபோய்க் கெடுத்தேன். நீங்க இல்லன்னா பிள்ள இத்தன நாளு இருந்திருக்காது” என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது. என் சேலை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

தம்பி தனியாகக் கொழும்புக்குப் போனான். எலிசா அப்போது முழுகாமல் இருந்தாள். இங்கேயே இருந்தாள். கப்பக்காரி என்ற பெயரோடு இருந்தாள்.

நான் பட்ட கடனைத் தீர்க்காதவள் இல்லை, ஐயா. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். அடக்கம் முடிந்த அடுத்த வாரத்திலிருந்து, குளோரிக்கு எத்தனை தரம் கொடுத்தேனோ அத்தனை தரம், அதே குப்பியிலிருந்து, அதே கரண்டியால், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் குடித்தேன். கருப்பட்டி எடுக்கவில்லை. தேறத் தேறக் குடித்தேன். அவளுக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று, யாரும் பார்க்காமல் தீர்த்தேன்.

நான் இளைத்துப் போனதைப் பார்த்து, பிள்ளை ஏக்கம் என்றார்கள். எலிசா மோர்ச்சோறு குழையப் பிசைந்து, நிறைவயிற்றோடு என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உருண்டை உருண்டையாக என் வாயில் ஊட்டினாள். “ஒரு வாய் மைனி, எனக்காக” என்பாள். நான் வேண்டாமென்று தலையைத் திருப்பினாலும் விடமாட்டாள். உப்பும் தண்ணீரும் கலந்து வைத்துக்கொண்டு ராத்திரியில் எழுப்பிக் கொடுப்பாள். அவள் அப்படிச் செய்ததால்தான் நான் பிழைத்தேன். அப்படி யாராவது குளோரிக்குச் செய்திருந்தால் என்று சில நேரம் தோன்றும். நான்தான் எலிசாவைப் பக்கத்தில் விடவில்லை என்பது பிறகு ஞாபகம் வரும்.

எப்படியும் கடன் தீர்ந்தது. அதனால் எலிசாவிடம் நீங்கள் இதைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அவள் மனம் தாங்காது. தம்பிக்கும் எழுத வேண்டாம். அவர்களுக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பந்தியில் இடம் இருந்தால் போதும்.

ஆமாம், எலிசாவும் அவள் மகனும் கொழும்புக்குப் போகிறார்கள். தம்பி டிக்கெட் அனுப்பிவிட்டான். எலிசா அவளுடைய அம்மாவிடம் விடை சொல்லக் கொட்டாரம் போயிருக்கிறாள், நாளைக்கு வருவாள். சின்னவன் யோவானை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். “உங்களப் போல ஆரு பாத்துக்கிடுவா மைனி” என்று சொல்லி, அவன் தலையை முகர்ந்துவிட்டுப் போனாள். அவனுக்கும் குளோரி சாயல் உண்டு, அந்த நெற்றி. என்னை அத்தே என்று திருத்தமாகக் கூப்பிடப் பழகிவிட்டான்.

நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். குடையை எடுக்கிறீர்கள். மழை இல்லையே ஐயா. எங்கள் வீட்டுக்கா? வாருங்கள், நல்லதுதான், வந்து அவனுக்காக ஒரு ஜெபம் செய்யுங்கள். இவ்வளவு வேகமாக நடக்க என்னால் முடியாது. காலையிலிருந்து அவனுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை, நானும் போகத்தான் வேண்டும். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.