வரதனின் கயிறு

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமையே கிடையாது. மின்விசிறி நின்றால் போதும், யாரையாவது திட்ட வேண்டும். கரண்டு எப்படி வருகிறது என்று எவனும் கேட்பதில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த தனியார் அணுநிலையத்தில் நான் கயிறு பிடிப்பவன். உலையின் சூட்டைத் தணிக்கக் கடல்நீரை உறிஞ்சுவார்கள். உறிஞ்சும் வாயில் ஒரு கம்பிவலை. அதில் கூழ் மாதிரி வழவழவென்ற சொறிமீன் கூட்டமாக வந்து அடைத்துக்கொண்டால், பம்புகளை நிறுத்திவிட்டு ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டும். இறங்குகிறவன் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் தாலியை எவனும் கைநழுவ விடமாட்டான் என்று எங்கள் கரையில் ஒரு நம்பிக்கை. என் தங்கை சந்திரம்மாவின் புருஷன் வரதன் இறங்குவான், நான் பிடிப்பேன்.

பிறகு கரண்டையும் மீன் மாதிரி ஏலம் விடத் தொடங்கினார்கள். விலை ஏறும் நேரத்தில் நிலையம் நிற்கக் கூடாது. பம்பு நின்றதா என்று வந்து பார்க்கும் பாதுகாப்பு ஆளை வீண்செலவு என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று மேலாளர் கோதண்டராமன் என் தோளில் கை வைத்தார். “சின்னையா, இப்ப கரண்டு நல்ல விலை. ஒரு பம்பு ஓடட்டும். உன் ஆளு தாங்குவானா?”

அதுவரை அங்கே யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. “தாங்குவான் சார்” என்றேன்.

வரதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான். “மச்சான், பம்பு நின்னுச்சா?”

“நின்னுச்சி. இன்னாடா புதுமாப்ள மாதிரி பயந்துகினு கீற? எறங்கு.”

கொஞ்ச நேரத்தில் கயிறு சுண்டியது. மேலே தூக்கு என்று அர்த்தம். கோதண்டராமன் பக்கத்திலேயே நின்றார். தூக்கினால் நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது? பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி சுண்டியது. அப்புறம் சுண்டவில்லை.

கம்பிவலையோடு ஒட்டிக் கிடந்தவனைப் பம்பை நிறுத்தித்தான் எடுக்க முடிந்தது. அதற்குள் விலையும் இறங்கியிருந்தது.

விசாரணையில், சைகையே வரவில்லை என்றேன். நம்பினார்கள். சந்திரம்மா நம்பவில்லை. பக்கத்து வீடுதான், பல வருஷமாகப் பேச்சில்லை. எனக்கும் வேறு யாருமில்லை. கடைச் சோறு, அதுவும் தனியாக.

நேற்று அவள் வாசலில் போய் நின்றேன்.

“அவரு கயித்த இழுத்தாரா இல்லியா? அத்த மட்டும் சொல்லுண்ணா.”

“இழுத்தாம்மா.”

“நீ இன்னா பண்ணே?”

“சும்மா நின்னேன்.”

அவள் அழவில்லை. “அப்ப நீதான் கொன்னுருக்கே” என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். வரதன் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்னமும் படுகிறது.