சபையில் நான் சொன்ன சாட்சி பற்றி

என் பெயரும் முகவரியும் மனுவில் கண்டுள்ளபடியே. வயது இருபத்தேழு. வேதியியலில் பட்டம் பெற்று, பிரசவம் வரை ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்கள் மகளுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. ஏழு மாதங்களாக அவள் என் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அவளைத் திருப்பித் தரக் கேட்டு நான் போட்ட மனுவுக்குப் பதிலாக எதிர்த்தரப்பாரான என் கணவர் ஒரு வீடியோவைத் தாக்கல் செய்திருப்பதால், அதைப் பற்றி என் கையால் எழுதிக் கொடுப்பதாவது:

மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது அவள் இரவும் பகலும் அழுதாள். டாக்டர், வயிற்று வலி, தானாகச் சரியாகிவிடும் என்றார். கணவருக்கு அந்த மாதம் வெளியூரில் வேலை. ஒரு நாள் காலை பத்து மணியளவில், பால் கொடுத்தும் தோளில் போட்டு நடந்தும் அழுகை நிற்காததால், குளியலறைத் தரையில் ஒரு துண்டை விரித்து அவளைக் கிடத்தி, கதவைச் சாத்திவிட்டு, சத்தம் கேட்காமலிருக்கச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா மாடியேறி வந்து வாசல் கதவைத் தட்டினார். நான் திறந்ததும் ஒன்றும் கேட்காமல் நேராகப் போய்க் குழந்தையைத் தூக்கினார். "குழந்தையும் மாமியாரும் காரணம் வச்சுக்கிட்டா கத்துறாங்க? நீ கீழ வா" என்றார்.

அதன் பிறகு கடையில் வெட்டுத் துணி மூட்டையின் மேல் என்னை உட்கார வைத்து, மகளை மடியில் போட்டுக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு கண்ணை மூடி, "ஆண்டவரே, இவளுக்கு வேற ஒண்ணும் வேணாம், நாலு மணி நேரம் தூக்கம் குடுங்க" என்று ஜெபம் செய்தார். பிரசவத்துக்குப் பின் என்னைப் பார்க்க வந்த எல்லோரும் குழந்தைக்காகவே வேண்டிக்கொண்டார்கள். எனக்கென்று ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை. நான் அந்த மூட்டையிலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது மணி மூன்று. நான் கிறிஸ்தவளானது அன்றுதான். யாரும் ஆசை காட்டவில்லை, மிரட்டவும் இல்லை.

அதன் பிறகு பத்து மாதம் அக்காவோடு சபைக்குப் போனேன். கணவருக்கு அது தெரியும். "அங்க போனா சிரிச்ச முகமா வர்ற. போயிட்டு வா. என்னை மட்டும் பாடச் சொல்லாத, அக்கம்பக்கத்துல வீட்டைக் காலி பண்ணிருவாங்க" என்றார்.

அதன் பிறகு ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தேன். எங்கள் சபையில், தண்ணீர்த் தொட்டியில் இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் பழைய வாழ்க்கையைப் பற்றி எல்லார் முன்னிலும் சாட்சி சொல்ல வேண்டும். அதை முன்கூட்டியே எழுதிப் பாஸ்டரம்மாவிடம் காட்ட வேண்டும். மேலே சொன்னதை அப்படியே எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இதுல ஆண்டவர் எங்கம்மா வர்றாரு? கதவைத் தட்டினது தையல்காரி. அது யாரு வேணா தட்டுவாங்களே" என்றார். என்னோடு பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் குடியிலிருந்து மீண்டவர், இன்னொருவர் விஷம் குடித்துப் பிழைத்தவர். எனக்குச் சொல்ல ஒரு துண்டும் ஒரு குழாயும்தான் இருந்தன. நான் கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். மறுபடி எழுதினேன். குளியலறையில் மகளைக் கொல்ல அவள் கழுத்தில் கை வைத்தேன் என்றும், "மகளே, நிறுத்து" என்று ஒரு குரல் கேட்டது என்றும் எழுதினேன். கை வைக்கவில்லை. குரலும் கேட்கவில்லை. அதை வாசித்தபோது சபையார் அழுதார்கள். தையல்கார அக்கா மட்டும் தலை நிமிரவில்லை.

எல்லாச் சாட்சிகளையும் படம்பிடித்து இணையத்தில் போடுவது சபையின் வழக்கம். அதுவும் எனக்குத் தெரியும். ஞானஸ்நானம் எடுத்த பதின்மூன்றாம் நாள், உடன் வேலை செய்பவர் ஒருவர் அதைக் கணவருக்குக் காட்டியிருக்கிறார். கணவர் மதியமே கையில் கிரீஸ் கறையோடு வீட்டுக்கு வந்து, "நீ மதம் மாறினதை நான் கேக்கல. கழுத்துல கை வச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றால், ஆண்டவர் முன்னால் பொய் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கியவளாவேன். ஆமாம் என்றால் மகள் போய்விடுவாள். எதைச் சொல்வது என்று நான் நின்றுகொண்டிருந்தபோதே அவர் மகளின் சட்டைகளை எடுத்துப் பையில் போட்டார். மூவரும் வெளியே போகிறோம் என்று நினைத்து அவள் தன் செருப்பையும் என் செருப்பையும் எடுத்து வந்தாள்.

அதன் பிறகு வீடியோவை நீக்கும்படி பாஸ்டரிடம் மூன்று முறை கேட்டேன். "அது மூலமா அநேகர் தொடப்பட்டிருக்காங்க சிஸ்டர்" என்றார். இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் இந்த நீதிமன்றக் கட்டடத்தில் மகளைப் பார்க்கிறேன். சென்ற வாரம் அவள் பாத்ரூம் போக என் விரலைப் பிடித்து இழுத்தாள். மாமியார் பின்னாலேயே வந்து, "கதவைத் தொறந்தே வை" என்றார். திறந்தே வைத்தேன்.

எனக்காக வாதாடும் வக்கீல் அம்மா, "மொத்தமும் கட்டுக்கதை, அப்படி ஒரு நாளே நடக்கலைன்னு எழுதும்மா, அவங்க கேஸ் நிக்காது" என்றார். அப்படி எழுத உட்கார்ந்துதான் இதை எழுதியிருக்கிறேன். இதுவரை அக்காவிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அன்று குளியலறையில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. மகளைக் கிடத்துவதற்கு முன் அதைத் தூக்கி வெளியே வைத்தேன். மூன்று மாதக் குழந்தையால் வாளியிடம் போக முடியாது. என்னால் முடியும் என்பதால் வைத்தேன்.

ஒருமுறை கூட்டிச் சொன்னதில் மகள் போனாள். குறைத்துச் சொல்லி அவளை வாங்க எனக்கு வரவில்லை. இதைப் படித்த பிறகும் அவளை என்னிடம் தர வேண்டும் என்றே கேட்கிறேன்.

இவை யாவும் யார் தூண்டுதலும் இன்றி நானே எழுதியவை. எழுத்தர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். வாளி பற்றிய வரிகளை நான் விரும்பினால் அடித்துவிடலாம் என்றும், இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சொன்னார். அடிக்க வேண்டாம் என்று கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
மனுதாரர், குழந்தையின் தாய்